ஒரு ஸ்லோ பாலட் முப்பது வருடம் நிற்பது எப்படி? விட்னி ஹூஸ்டனின் பாட்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டன் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விளக்கங்கள் தவறாமல் வந்துவிடும். அந்த உச்சக் குரல்தான் காரணம் என்பார்கள். மெதுவான பாட்டு இதயத் துடிப்போடு ஒத்துப்போகிறது என்பார்கள். காதல் பாட்டு யாருக்குத்தான் பிடிக்காது என்றும் சொல்வார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் விளக்கம் இல்லை. உச்சத்தில் கத்தி முடிந்து மறுவாரமே மறந்துபோன பாட்டுகள் எத்தனையோ. மெதுவான பாட்டுகளில் பெரும்பாலானவை தூக்கம் வரவழைப்பவை. காதல் பாட்டுகளுக்கோ கணக்கே இல்லை.

இந்தப் பாட்டை உதாரணமாக எடுக்க ஒரு வசதி இருக்கிறது. அதே மெட்டு, ஏறக்குறைய அதே வரிகள், முற்றிலும் வேறான இரண்டு பதிவுகளாகப் பெரிய வெற்றி பெற்றிருக்கின்றன. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் எது பாட்டின் பலம், எது பாடியவரின் பலம் என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

பாட்டு வந்த வழி

இதை எழுதியவர் டாலி பார்ட்டன், அமெரிக்க கன்ட்ரி இசையின் பெரிய பெயர். போர்ட்டர் வேகனர் என்ற பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏழு வருடம் சேர்ந்து பாடிவிட்டு, தனியாகப் போக முடிவெடுத்த நேரத்தில், அவரிடம் விடைபெறுவதற்காக 1973-இல் எழுதினார். ஆக இது காதலனுக்கு எழுதிய பாட்டே இல்லை. 1974-இல் கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1982-இல் ஒரு திரைப்படத்துக்காக அவரே மறுபடி பாடினார், மறுபடி முதலிடம்.

இடையில் அன்றைய பெரும் நட்சத்திரப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாட விரும்பினார். அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கர், பாட்டின் பதிப்புரிமையில் பாதியைக் கேட்டார். பார்ட்டன் கொடுக்கவில்லை. அன்றைக்கு எல்விஸுக்கு ‘முடியாது’ என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் ஹூஸ்டனின் பதிவு விற்றபோது எழுதியவருக்குரிய வருமானம் முழுதும் பார்ட்டனுக்கே வந்தது அந்த மறுப்பால்தான்.

1992-இல் ‘தி பாடிகார்ட்’ படத்துக்காக ஹூஸ்டன் பாடினார், பாட்டின் இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர். அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 14 வாரம் முதலிடம். 1994-இல் ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருது. 2012 பிப்ரவரியில் ஹூஸ்டன் இறந்தபோது, இருபது வருடம் பழைய அந்தப் பதிவு திரும்பவும் அதே பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது.

பாலட் என்றால் என்ன

மெதுவான நடையில், ஒருவர் இன்னொருவரை நோக்கிப் பேசுவதுபோல் அமைந்த உணர்ச்சிப் பாட்டைத்தான் பாப் இசையில் இன்று பாலட் என்கிறார்கள். அமைதியாகத் தொடங்கி, வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பெரிய உச்சத்துக்கு ஏறுகிற வகை பவர் பாலட். பார்ட்டன் பாடியது சாதாரண பாலட், மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஹூஸ்டன் பாடியது பவர் பாலட், நாலரை நிமிடம்.

வேகம் குறைந்தால் என்ன கிடைக்கிறது

ஹூஸ்டனின் பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 67 தட்டு. ஒரு தட்டுக்கு 0.9 வினாடி. நான்கு தட்டு சேர்ந்த ஒரு சுற்றுக்கு 3.6 வினாடி. ஆட்டம் போடவைக்கும் 120 தட்டுப் பாட்டில் அதே சுற்று 2 வினாடியில் முடிந்துவிடும்.

அந்தக் கூடுதல் ஒன்றரை வினாடியில்தான் எல்லாமே நடக்கிறது. வேகப் பாட்டில் ஒரு சொல் வந்து விழுவதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். இங்கே பாடகி சொல்லைத் தட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கலாம், பின்னால் தள்ளலாம், குரலை மூச்சோடு கலந்து மெல்லியதாக்கலாம், நடுவில் கெட்டியாக்கலாம். கேட்பவருக்கும் அதையெல்லாம் கவனிக்க நேரம் இருக்கிறது. குரலில் நுணுக்கம் இல்லாதவர் பாடினால் அதே நேரம் வெறும் காலியிடமாகத் தெரியும். மெதுவான பாட்டு வேகப் பாட்டைவிடக் கடினம் என்று பாடகர்கள் சொல்வது இதனால்தான்.

இதயத் துடிப்புக் கதைக்கு வருவோம். ஓய்வாக இருக்கும் பெரியவர்களின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும். 67 அந்த எல்லைக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் உலகத்தில் உள்ள சலிப்பூட்டும் பாட்டுகளில் பாதியும் அதே எல்லைக்குள்தான் இருக்கின்றன.

தேரும் நிலையும்

அடுத்தது கார்டு. மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவதற்குத்தான் இந்தப் பெயர். இந்தப் பாட்டின் ஸ்வரங்கள் மேஜர் ஸ்கேலைச் சேர்ந்தவை, அதாவது நமக்குப் பழக்கமான சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். அதில் நான்கு கார்டுகள் போதும். ச-க-ப முதலாவது. த-ச-க இரண்டாவது. ம-த-ச மூன்றாவது. ப-நி-ரி நான்காவது. கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவிப் பகுதி, பெரும்பாலும் இந்த வரிசையில்தான் சுற்றுகிறது.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தேர் நிலையிலிருந்து கிளம்புகிறது, வீதிகளைச் சுற்றுகிறது, நிலைக்குத் திரும்ப வேண்டும். ச-க-ப கார்டுதான் நிலை. த-ச-க பக்கத்து வீதி, நிலையிலிருந்த இரண்டு ஸ்வரம் அதிலும் இருப்பதால் தொலைவு தெரியாது. ம-த-ச இன்னும் கொஞ்சம் தள்ளி. ப-நி-ரி கடைசி முனை. அங்கே திரும்பினால் தேரடி கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கார்டில் ‘ச’ இல்லை, ஆனால் அதற்குக் கீழே ஒட்டிய ‘நி’யும் மேலே ஒட்டிய ‘ரி’யும் இருக்கின்றன. இரண்டும் ‘ச’வில் போய் விழத் துடிப்பவை. கேட்பவரின் காது நிலைக்குப் போயாக வேண்டும் என்று இழுக்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த இழுப்புக்கு இசையில் டென்ஷன் என்று பெயர். நிலைக்கு வந்து சேர்வது ரெசல்யூஷன். காத்திருக்க வைத்தல், வந்து சேர்தல் என்ற இந்த இரண்டின் நடுவே எவ்வளவு நேரம் நீட்டுவது என்பதுதான் பாலட்டின் முழுத் தொழில்நுட்பமும்.

இதே நான்கு கார்டு வரிசை 1950-களின் அமெரிக்கப் பாட்டுகளில் சலிக்கச் சலிக்க வந்தது. எனவே ‘கார்டில்தான் ரகசியம்’ என்று யாராவது காணொளி போட்டால் நம்ப வேண்டாம். கார்டு வெறும் வீதிதான். எங்கே நிறுத்துகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக, மெதுவான நடை குரலுக்கு இடம் தருகிறது. கார்டுகள் காத்திருப்பை உண்டாக்குகின்றன. இனி அந்தக் காத்திருப்பை ஹூஸ்டனின் பதிவு எப்படி நீட்டுகிறது என்று பார்ப்போம்.

வாத்தியமே இல்லாத முக்கால் நிமிடம்

பதிவின் முதல் 40, 45 வினாடிகள் குரல் மட்டும். துணை வாத்தியம் இல்லாத இந்தப் பாட்டு முறையை அகப்பெல்லா என்பார்கள். தாளக்கட்டும் இல்லை. விருத்தம் பாடுகிறவர் சொல்லுக்குச் சொல் தன் மூச்சின்படி நீட்டிக் குறுக்குவாரே, அதே முறை.

இந்த யோசனை படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னருடையது. வானொலிக்கு ஒத்துவராது என்று இசை நிறுவனத்தில் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. வண்டி ஓட்டிக்கொண்டே வானொலி கேட்பவர், தாளம் இல்லாத முக்கால் நிமிடத்தில் வேறு நிலையத்துக்குப் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

அது ஏன் வேலை செய்தது? தாளமும் கார்டும் இல்லாதபோது நிலை எங்கே இருக்கிறது என்பதைப் பாடகியின் குரல் மட்டுமே சொல்கிறது. கேட்பவர் தன்னை அறியாமலே கவனத்தைக் கூட்டுகிறார். முக்கால் நிமிடம் கழித்து வாத்தியங்கள் மெல்ல உள்ளே வரும்போது, உண்மையில் அவை மிகக் குறைந்த சத்தத்தில்தான் வருகின்றன. ஆனால் காதுக்கு அது பெரிய வரவாகத் தெரிகிறது. சத்தத்தை ஏற்றாமலே ஏற்றியதுபோல் காட்டும் வழி இது. உச்சத்துக்கு வேண்டிய சத்தம் செலவாகாமல் கையிருப்பில் இருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்கிறது: மெல்லிய கிட்டாரும் தந்தி வாத்தியங்களும், அடுத்து டிரம்ஸ், நடுவில் கிர்க் வேலமின் சாக்சஃபோன். சாக்சஃபோன் முடிந்ததும் ஏறிக்கொண்டே போகாமல் பாட்டு மறுபடி தணிகிறது. பின்பற்றிப் பாடியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிட்ட இடம் இதுதான். இங்கே தணியாவிட்டால் அடுத்து வருவதற்கு மதிப்பே இல்லை.

நிறுத்தம், ஓர் அடி, ஏழு கட்டை

தணிந்த பகுதியில் வருவது மூன்றாவது சரணம். வாழ்க்கை உனக்கு நல்லபடி அமையட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக உனக்கு அன்பு கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிற வரிகள். பார்ட்டன் தன் பதிவில் இதைப் பாடவில்லை, பேச்சாகச் சொல்கிறார். ஃபாஸ்டர் முதலில் வேலை செய்தது லிண்டா ரான்ஸ்டாட் என்ற பாடகி 1975-இல் பாடிய பதிவை வைத்து. அதில் இந்தச் சரணம் கிடையாது. விஷயம் தெரிந்த பார்ட்டன் விடுபட்ட வரிகளைத் தொலைபேசியில் சொல்லிச் சேர்க்கவைத்தார். அந்தச் சரணம் இல்லாதிருந்தால் இன்று எல்லோருக்கும் தெரிந்த அந்த உச்சம் நிற்க இடமே இருந்திருக்காது.

சரணம் முடிகிறது. எல்லா ஒலியும் நிற்கிறது. வழக்கப்படி கோரஸுக்குள் இறங்க வேண்டிய இடத்தில் மௌனம். முட்டுக்கட்டை போட்டுக் கடைசி முனையில் தேரை நிறுத்திவிட்டார்கள், வடம் இழுத்தபடி இருக்கிறது. பிறகு டிரம்ஸில் ஒரே ஒரு பெரிய அடி. ரிக்கி லாசன் அடித்தது. உடனே ‘ஐ’ என்று குரல் முழு வலுவோடு எழுகிறது. ஆனால் தேர் போய்ச் சேர்ந்த இடம் பழைய நிலை இல்லை. நிலையே மேலே ஏறியிருக்கிறது.

இதற்கு மாடுலேஷன் என்று பெயர், சுருதி மாற்றம். அதுவரை ஏ மேஜரில் இருந்த பாட்டு பி மேஜருக்குப் போகிறது. சுருதியின் உயரத்தைக் கட்டையில் சொல்லும் நம் கணக்கில் 6 கட்டையிலிருந்து 7 கட்டை. அதிர்வெண்ணில் சொன்னால் 440 ஹெர்ட்ஸில் இருந்த ஆதார ஸ்வரம் ஏறக்குறைய 494-க்கு, அதாவது சுமார் 12 சதவீதம் மேலே போகிறது. மெட்டு அதே மெட்டு. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் குரலின் இன்னும் இறுக்கமான பகுதியில் விழுவதால் அதே வரி கூடுதல் முயற்சியோடு ஒலிக்கிறது. அந்த முயற்சியைத்தான் காது உணர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறது.

இதில் ஆராய்ச்சிக்கும் இடம் உண்டு. ஜான் ஸ்லோபோடா என்ற பிரிட்டன் இசை உளவியலாளர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் சிலிர்க்கிறது என்று மக்கள் குறிப்பிட்ட இடங்களில் எதிர்பாராத கார்டு மாற்றங்கள் அடிக்கடி இருந்தன. 2011-இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு, தங்களுக்குச் சிலிர்ப்பு தரும் இசையைக் கேட்பவர்களின் மூளையைப் படம்பிடித்தது. இன்பத்தோடு தொடர்புடைய டோபமீன் என்ற வேதிப்பொருள் உச்சம் வரும்போது மட்டுமின்றி, உச்சத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கட்டத்திலும் மூளையின் வேறொரு பகுதியில் வெளியாவதைக் கண்டார்கள். அந்த மௌனம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

இன்றைக்கு இந்தச் சுருதி மாற்றத்தைக் கேலி செய்பவர்களும் உண்டு. நியாயமான கேலிதான். கற்பனை வற்றிய இசையமைப்பாளர்கள் கடைசி கோரஸை ஒரு படி தூக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவது உண்மை. இங்கே மூன்று நிமிடச் சேமிப்புக்குப் பிறகு ஒரே ஒரு முறை வருகிறது, அதனால் நிற்கிறது.

பிர்கா எங்கே போட வேண்டும்

ஓர் அசையை ஒரே ஸ்வரத்தில் முடிக்காமல் பல ஸ்வரங்களில் ஓடவிடுவதை மேற்கில் மெலிஸ்மா என்கிறார்கள். நம் பாடகர்களின் பிர்காவுக்கு நெருங்கிய உறவு. ஹூஸ்டனுக்கு இது நியூவார்க் நகரின் நியூ ஹோப் பாப்டிஸ்ட் தேவாலயத்தில், தாய் சிஸ்ஸி ஹூஸ்டன் நடத்திய பாடற்குழுவில் கிடைத்த பயிற்சி.

அவர் அதை எங்கே பயன்படுத்துகிறார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் வரியின் கடைசிச் சொல்லில். அதற்குள் வரியின் பொருள் காதில் விழுந்துவிட்டது, இனி குரல் சுழன்றால் நஷ்டமில்லை. இன்னொரு இடம் கோரஸின் ‘ஐ’. தொலைக்காட்சிப் போட்டிகளில் இந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள் வரியின் நடுவிலேயே ஓட்டம் காட்டுவார்கள். சொல் கரைந்துபோகும், திறமை மட்டும் மிஞ்சும்.

பிரிவுப் பாட்டு திருமண மேடைக்கு வந்த கதை

வரிகளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஏன் பிரிகிறார்கள் என்ற காரணமும் இல்லை. நான் இருந்தால் உனக்கு இடைஞ்சல், போகிறேன், ஆனால் உன்னை எப்போதும் நேசிப்பேன் என்பதுதான் மொத்தச் செய்தி. பார்ட்டனுக்கு அது தொழில் துணைவரிடம் விடைபெறுதல். படத்தில் பாடகி தன் மெய்க்காவலரைப் பிரியும் காட்சி. 2012-இல் அதே வரிகள் ஹூஸ்டனுக்கான அஞ்சலியாகிவிட்டன. திருமணங்களில் கோரஸை மட்டும் கேட்பவர்களுக்கு அது சத்தியம்போல் ஒலிக்கிறது. சரணங்களைக் கேட்டிருந்தால் மணமேடையில் போட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பாட்டின் ஆயுளுக்கு இந்தத் திறந்த தன்மை பெரிய காரணம். விவரம் நிறைந்த காதல் பாட்டு அந்தக் காதலர்களோடு முடிந்துவிடுகிறது. இங்கே கேட்பவர் தன் ஆளை நிறுத்திக்கொள்ள இடம் இருக்கிறது.

எழுத்தில் ஒரு கைவினை நுட்பமும் உண்டு. நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் ‘ஐ’ வருகிறது. அதை ‘ஆ’ என்று வாய் திறந்து எவ்வளவு நேரமும் பிடிக்கலாம், கடைசியில் ‘இ’ என்று மூடினால் போதும். அதே உச்சத்தில் ‘யூ’ இருந்திருந்தால் உதடு குவிந்து தொண்டை இறுகியிருக்கும். மெட்டு நீளும் இடத்தில் வாய் திறக்கும் நெடிலை வைக்க வேண்டும் என்பது நம் பாடலாசிரியர்களுக்கும் தெரிந்த கணக்குதான்.

பாடிப் பார்க்கிறவர்களுக்கு

மேலே சொன்னவற்றை நேரில் உணர ஒரே வழி பாடிப் பார்ப்பது. எங்கே சறுக்கும் என்பதும் முன்கூட்டியே தெரியும்.

முதல் சறுக்கல் சுருதித் தேர்வு. தொடக்கம் தாழ்வாக இருப்பதால் ‘இது நமக்கு எட்டும்’ என்று தோன்றும். கடைசி கோரஸைப் பாடிப் பார்த்துத்தான் சுருதியை முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அது ஒரு முழு ஸ்வரம் மேலே இருக்கிறது. எட்டவில்லையென்றால் கரோக்கே கருவியில் சுருதி குறைக்கும் பொத்தானை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தலும் அரைக்கட்டை.

இரண்டாவது, வாத்தியம் இல்லாத தொடக்கம். பதற்றத்தில் பெரும்பாலோர் சுருதியிலிருந்து மெல்லக் கீழே நழுவுவார்கள். தனியாகப் பாடும்போது அது தெரியாது. வாத்தியம் நுழையும் நொடியில் அபசுரம் எல்லோர் காதிலும் விழும். பயிற்சிக்குத் தம்புரா செயலி போதும். பதிவின் சுருதியிலேயே பாடுவதானால் 6 கட்டையில் வைத்துப் பாடிப் பழகி, பிறகு தம்புராவை நிறுத்திவிட்டுப் பாடி, முக்கால் நிமிடம் முடிந்ததும் போட்டுச் சரிபாருங்கள். கடைசி கோரஸுக்குத் தம்புராவை 7 கட்டைக்கு மாற்றித் தனியாகப் பழக வேண்டும். பாட்டைக் குறைத்திருந்தால் தம்புராவையும் அதே அளவு குறைத்துக்கொள்ளுங்கள். மேடையில் கீபோர்டு வாசிப்பவரிடம் சொல்லி, காதில் மாட்டும் மானிட்டரில் மட்டும் ஆதார ஸ்வரத்தைக் கொடுக்கச் சொல்லலாம்.

மூன்றாவது, அந்த மௌனத்தில் மூச்சு. தோளைத் தூக்கி நிறைய இழுத்தால் கழுத்து இறுகி ‘ஐ’ கூர்மையாக எகிறும். முதலில் மிச்ச மூச்சைக் கொஞ்சம் வெளியே விட்டு, வயிறு விரியும்படி அளவாக எடுங்கள். மௌனத்தை அவசரப்பட்டு உடைக்கவும் வேண்டாம்.

மைக் பிடிப்பதிலும் கவனம் தேவை. தொடக்கத்தில் வாயிலிருந்து இரண்டு விரல் தூரம், உச்சத்தில் ஒரு சாண். தூரம் மாற்றாமல் கத்தினால் ஒலிக்கருவியில் இருக்கும் கம்ப்ரஸர், அதாவது சத்தம் அளவு தாண்டும்போது தானாக அமுக்கும் சாதனம், உங்கள் உச்சத்தை எடுத்துத் தொடக்கத்தின் அளவுக்கே கொண்டுவந்துவிடும். மலிவான கரோக்கே பெட்டிகளில் எல்லோரும் ஒரே சத்தத்தில் ஒலிக்க இது ஒரு காரணம்.

கடைசியாக, முடிப்பு. ஹூஸ்டன் உச்சத்தில் முடிப்பதில்லை. குரலின் கனத்தைக் குறைத்து, தலைக்குரல் எனப்படும் மெல்லிய மேல்குரலில் கடைசி வரியை இறக்கிவைக்கிறார். முந்தின கோரஸில் மூச்சையெல்லாம் கொட்டியவர்களுக்கு அந்த மெல்லிய குரல் வராது, காற்றுத்தான் வரும். கடைசி வரியை முதலில் பழகிவிட்டு, அதற்கு எவ்வளவு மூச்சு மிச்சம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகு கோரஸுக்குப் போவது நல்லது.